ரன்வே நீட்டிப்புக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம்: மனுவில் என்ன கேட்பது?

கலுங்கடி:

தென்மாவட்டத்தில் எங்கள் பகுதி விமான நிலையத்துக்கு 20 ஆண்டுத் திட்டம் தயாராகிவிட்டது. ஓடுபாதையை மேற்கே 1,500 மீட்டர் நீட்டுகிறார்கள், புது முனையம் கட்டுகிறார்கள், இணையாக விமானம் நகர்ந்து போவதற்கான ஒரு டாக்சிவே. சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் பேப்பரில் அறிவிப்பு வந்துவிட்டது. தமிழில் சுருக்கம் கொடுத்திருக்கிறார்கள், அதைப் படித்தால் எல்லாமே "பாதிப்பு மிகக் குறைவு" என்றுதான் இருக்கிறது. முழு அறிக்கை ஆங்கிலத்தில், தலையணை மாதிரி.

எங்கள் கவலை நான்கு. மேற்கே ஒரு கண்மாயும் அதற்கு வரும் ஓடைகளும் இருக்கின்றன. இரவுச் சத்தம். வீட்டுக்கு மேல் மாடி எடுக்க முடியாமல் போகுமா என்பது. நிலத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்பது. விவசாயிகள் சங்கத்தில் பாதிப் பேர் திட்டமே வேண்டாம் என்கிறார்கள். மீதிப் பேர் வரட்டும், ஆனால் ஒழுங்காக வரட்டும் என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பயன்படுகிற மாதிரி மனு எழுதணும். அறிக்கையில் எங்கே பார்ப்பது, என்ன கேட்பது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தாலுகாமேசை:

முதலில் நான்காவது கவலையைத் தனியாகப் பிரித்து வையுங்கள் நண்பரே. ஒரே திட்டத்துக்கு இரண்டு நடைமுறைகள் தனித்தனியாக ஓடுகின்றன. அதைக் கலந்துவிடுவதால்தான் பாதிக் கூட்டம் வீணாகிறது.

நீங்கள் போகப் போவது 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் கீழ் நடக்கிற கூட்டம். விமான நிலையம் அதன் அட்டவணையில் 7(ஏ), 'ஏ' வகை. அதனால் முடிவெடுப்பது டெல்லியில் இருக்கிற மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவரோ தலைமை தாங்குவார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். அங்கே சென்ட் என்ன விலை என்று கேட்டால் மினிட்ஸில் ஒரு வரி ஏறும், பதில் "மாநில அரசு விதிப்படி வழங்கும்" என்று வரும். நிலத்தை எடுத்துக் கொடுப்பது மாநில அரசின் வேலை என்று விமான நிலைய ஆணையம் ஒதுங்கிக்கொள்ளும். அது தப்பும் இல்லை, ஏற்பாடே அப்படித்தான்.

நில எடுப்பு தமிழ்நாட்டில் பெரும்பாலும் 1997 தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தில் போகிறது. சென்னையின் புது விமான நிலையத்துக்கான பரந்தூருக்கும் அதுதான். 2013 மத்தியச் சட்டத்தில் இருக்கிற சமூகத் தாக்க மதிப்பீடு, கிராமத்தார் ஒப்புதல் இரண்டும் இதில் கிடையாது. மத்தியச் சட்டத்தில் மாநிலம் 105-ஏ பிரிவைச் சேர்த்து விலக்கிவிட்டது. உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, மாநிலம் 2019இல் திரும்பச் சட்டம் போட்டது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் இழப்பீடும் மறுகுடியமர்வும் 2013 சட்டத்தின் கணக்குப்படிதான் தரணும். ஆகவே விலைச் சண்டைக்கான இடம், 1997 சட்டத்தின் 3(2) பிரிவில் பட்டாதாரருக்கு வரும் நோட்டீஸுக்கான எழுத்து மூலப் பதிலும் விசாரணையும். அதை இந்தக் கூட்டத்தில் கொட்டித் தீர்க்க வேண்டாம்.

சமூகத் தாக்க மதிப்பீடு இல்லாததால் இந்தச் சுற்றுச்சூழல் கூட்டம் ஒன்றுதான் பட்டா இல்லாதவர்களும் வாய் திறக்கக்கூடிய இடம். குத்தகைக்காரர், ஆடு மேய்ப்பவர், கீழ் ஆயக்கட்டுக்காரர் (கண்மாய்ப் பாசன நிலம் வைத்திருப்பவர்) எல்லோரையும் அழைத்து வாருங்கள்.

நடைமுறையைச் சரிபாருங்கள்: அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் குறைந்தது 30 நாள் இடைவெளி. ஒரு தேசிய நாளிதழ், ஒரு தமிழ் நாளிதழ் இரண்டிலும் வந்திருக்கணும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்கணும். போய்ப் பாருங்கள், இல்லையென்றால் அன்றைக்கே எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூட்டம் திட்ட இடத்திலோ மிக அருகிலோ நடக்கணும். திட்டம் இரண்டு மாவட்டத்தில் விழுந்தால் இரண்டு கூட்டம். கோரம் கிடையாது. யாரும் வராவிட்டாலும் கூட்டம் செல்லும், அதனால் புறக்கணிப்பு என்பது எதிராளிக்குக் கொடுக்கிற பரிசு.

அடுத்தது, இது ஓட்டெடுப்பு இல்லை. 500 பேர் வேண்டாம் என்று கை தூக்கினாலும் "பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்ற ஒரு வரியாகச் சுருங்கும். பக்க எண்ணோடு கேட்ட கேள்விக்குத் திட்டக்காரர் எழுத்தில் பதில் தரணும், அது இறுதி அறிக்கையில் ஏறும். மனுவின் ஒவ்வொரு பத்தியும் இந்த வடிவில் இருக்கட்டும்: இன்ன பக்கம், இன்ன அட்டவணையில் இப்படி இருக்கிறது, கிராமக் கணக்கில் இப்படி இருக்கிறது, ஆகவே இன்னதைச் செய்து, இன்ன வரைபடத்தோடு காட்டுங்கள்.

---

மீட்டர்மணி:

உயரக் கட்டுப்பாட்டுக்கு நான் சொல்கிறேன்.

1,500 மீட்டர் என்பது தார் போடுகிற நீளம் மட்டும். அதன் முனையிலிருந்து 60 மீட்டர் வெற்றுப் பட்டை, அதற்கும் அப்பால் 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதி. ஆக 1,800. இது சாதாரணமாகக் கையக எல்லைக்குள் காட்டப்பட்டிருக்கும். ஆனால் கருவி உதவியோடு துல்லியமாகத் தரையிறங்குவதற்கான விளக்கு வரிசை ஓடுபாதை முனையிலிருந்து 900 மீட்டர் போகும். பாதுகாப்புப் பகுதிக்கு வெளியே இன்னும் 600 மீட்டர், மையக்கோட்டின் இரண்டு பக்கமும் 60 மீட்டர் வீதம் ஒரு வால் மாதிரி நீளும். பல வரைபடங்களில் இந்த வால் இருக்காது, பிறகு "கூடுதல் நிலம்" என்று வரும். கேள்வி எண் ஒன்று: விளக்கு வரிசை நிலம் இந்தக் கையகத்தில் சேர்ந்ததா? இல்லையென்றால் எந்த சர்வே எண்களில் வரும்?

மாடி விஷயம். விமானம் இறங்கி வரும் வழியில் எதுவும் மேலே நீட்டக் கூடாத சாய்வுப் பரப்பு ஒன்று உண்டு. அது ஓடுபாதை முனைக்கு 60 மீட்டர் வெளியே தொடங்கி முதல் 3,000 மீட்டருக்கு 2 சதவீதம், அதாவது 50 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும். இப்போது தொடக்கக் கோட்டிலிருந்து 2,500 மீட்டரில் இருக்கிற வீட்டுக்கு இந்தப் பரப்பு 50 மீட்டர் உயரத்தில் இருக்கும். கோடு 1,500 மீட்டர் உங்கள் பக்கம் நகர்ந்தால் அதே வீடு 1,000 மீட்டரில் வந்துவிடும், அனுமதி 20 மீட்டர். இது ஓடுபாதை முனையின் மட்டத்திலிருந்து கணக்கு. உங்கள் தெரு அதைவிட 5 மீட்டர் மேட்டில் இருந்தால் மிஞ்சுவது 15. இரண்டு மாடி வீட்டுக்குப் பிரச்சினை இல்லை. செல்போன் கோபுரம், மேல்நிலைத் தொட்டி, வளர்ந்த பனை இவற்றுக்குப் பிரச்சினை. 300 மீட்டருக்குள் இருக்கிற வீடு என்றால் 6 மீட்டர்தான், அங்கே ஒரு மாடியே சிக்கல்.

ஜனங்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஆணையம் கொடுக்கிற தடையில்லாச் சான்றில் உயரம் கடல் மட்டத்திலிருந்து எழுதப்பட்டிருக்கும். "130 மீட்டர் அனுமதி" என்று பார்த்துவிட்டு அடுக்குமாடிக் கனவு காணாதீர்கள். இடத்தின் கடல்மட்ட உயரம் 112 என்றால் கட்டக்கூடியது 18தான், தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி எல்லாம் சேர்த்து.

மனுவில் கேளுங்கள்: எங்கே எவ்வளவு உயரம் கட்டலாம் என்று காட்டும் வண்ண மண்டல வரைபடத்தின், நீட்டிப்புக்குப் பிந்தைய வரைவை இப்போதே காட்டுங்கள். பனை, தென்னை உட்பட வெட்ட வேண்டிய மரங்கள், இறக்க வேண்டிய கட்டடங்கள் பட்டியலை சர்வே எண்ணோடு இணையுங்கள். நிலம் கையகத்துக்கு வெளியே இருந்து மரம் மட்டும் வெட்டப்பட்டால் யார் பணம் தருவது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கையகப் பட்டியலில் பேர் வராத ஆள்தான் இதில் மாட்டுவார்.

---

மல்லிச்சந்தை:

எதிர்ப்பு மனு மட்டும் எழுதுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓடுபாதை நீளம் ஆடம்பரம் இல்லை. தூத்துக்குடியில் 1,350 மீட்டர் இருந்தவரை ஏடிஆர் என்ற சிறிய விமானம்தான் இறங்கியது, அதனால்தான் 3,115 ஆக்கினார்கள். மதுரையில் இருப்பது 2,286 மீட்டர், திட்டம் 3,810. வெயில் கணக்கையும் பாருங்கள்: கடல் மட்டத்தில் 15 டிகிரிக்கு 2,000 மீட்டர் போதும் என்றால், 100 மீட்டர் உயரத்தில் 37 டிகிரி வெயிலுக்கு அது 2,500ஐத் தொடும். நீளம் பத்தாவிட்டால் விமானம் பறக்காமல் இருக்காது. முதலில் சரக்கை இறக்கிவிட்டுப் பறக்கும். பூவும் காயும் கீழே நிற்கும்.

ஆனால் நீளம் தேவை என்பதால் எல்லா நிலமும் இன்றைக்கே தேவை என்று ஆகாது. கட்டம் பிரித்துக் கேளுங்கள். இரண்டாம் கட்டம் எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள், ஆண்டு எப்போதும் தள்ளிப்போகும். உச்ச மணி நேரப் பயணிகள் எத்தனை ஆனால், ஆண்டுக்கு எத்தனை விமானம் ஆனால் தொடங்கும் என்று எண்ணாகக் கேளுங்கள். திட்ட எல்லைக்குள் சர்வே எண் விழுந்துவிட்டால் நிலத்தை விற்கவும் முடியாது, பேங்கில் வைக்கவும் முடியாது. எடுக்கவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். இத்தனை ஆண்டுக்குள் எடுக்காவிட்டால் எல்லையிலிருந்து விடுவிப்போம் என்ற உறுதியை எழுத்தில் கேட்பது வேண்டும், வேண்டாம் இரண்டு தரப்புக்கும் நல்லது.

---

கலுங்கடி:

மிக்க நன்றி. கேட்காமல் விட்டது ஒன்று: மேற்கே இரண்டு ஊரை இணைக்கிற தார்ச்சாலை ஓடுபாதைக்குக் குறுக்கே விழுகிறது. சுருக்கத்தில் "மாற்றுப்பாதை அமைக்கப்படும்" என்று மட்டும் இருக்கிறது. சத்தத்துக்கும் "வரம்புக்குள்" என்று ஒரே வார்த்தை.

---

மீட்டர்மணி:

சாலைக்கு: மாற்றுப்பாதை எத்தனை கிலோமீட்டர் கூடுதல், 108 வண்டிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எவ்வளவு நேரம், பழைய சாலையை மூடுவதற்கு முன்னால் புதியது திறக்கப்படுமா. மதுரையில் சுற்றுச்சாலை குறுக்கே வந்ததால் ஓடுபாதைக்கு அடியில் சுரங்கப்பாதையா, சாலையைத் திருப்புவதா என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மாவட்டத்தின் முக்கியச் சாலைக்கே அந்தக் கதி, கிராமச் சாலைக்குத் தானாக எதுவும் வராது. சுடுகாட்டுப் பாதை, மாட்டு வண்டிப் பாதைகளையும் சேருங்கள், அவை அறிக்கையில் சாலையாகவே கணக்கில் வராது.

சத்தத்துக்கு 2018இல் அமைச்சகம் வரம்பு நிர்ணயித்தது. ஆண்டுக்கு 50,000க்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கும் நிலையங்களுக்குப் பகல் 70, இரவு 65 டெசிபல். மற்றவற்றுக்குப் பகல் 65, இரவு 60. இவை சராசரி. சூட்சுமம் அங்கேதான். இரவு பத்து முதல் காலை ஆறு வரை 8 மணி, 28,800 நொடி. ஒரு விமானம் கடந்து போகும் மொத்தச் சத்த ஆற்றல் 90 டெசிபல் என்று வைத்தால், அது கூரைக்கு மேல் போகும்போது தூங்குகிறவர் எழுந்துவிடுவார். அப்படி ராத்திரிக்குப் பத்து விமானம் போனாலும் எட்டு மணி நேரச் சராசரி 55.4தான் வரும். வரம்பு 60. அதாவது பத்து தடவை விழித்தாலும் கணக்கில் எல்லாம் சரி.

ஆகவே சராசரியை மறுக்காதீர்கள், அதோடு வேறொரு எண்ணையும் கேளுங்கள்: எங்கள் ஊரில் இரவில் 70 டெசிபலைத் தாண்டும் நிகழ்வுகள் எத்தனை? எந்த ஆண்டின் விமான எண்ணிக்கையை வைத்துப் போட்டீர்கள்? எந்த ரக விமானம், மேற்குப் பக்கம் எத்தனை சதவீதம்? திட்டம் 20 ஆண்டுக்கு என்றால் வரைபடத்தில் சத்த அளவைக் காட்டும் கோடும் இருபதாம் ஆண்டின் எண்ணிக்கைக்குத்தான் வரையணும். திறப்பு ஆண்டுக்கு வரைந்துவிட்டு வரம்புக்குள் என்று எழுதுவது பழகிப்போன வேலை.

---

ஓடைக்காரி:

எல்லோரும் வானத்தைப் பார்க்கிறீர்கள். இந்தத் திட்டத்தில் ஊரை மாற்றப் போவது மண்ணும் தண்ணீரும்.

ஓடுபாதை மேடு பள்ளமாகப் போக முடியாது. பெரிய விமானங்களுக்கான ஓடுபாதையின் மொத்தச் சரிவு 1 சதவீதத்துக்குள் இருக்கணும், கடைசிக் கால்பகுதியில் 0.8க்குள். வழியில் ஓடை இருந்தால் ஓடுபாதை அதற்குள் இறங்கி ஏறாது, ஓடையைத்தான் மேடாக்கணும். மையக்கோட்டின் இரண்டு பக்கமும் 140 மீட்டர் தடையில்லாத பட்டை வேண்டும். 280 மீட்டர் அகலம், 1,500 மீட்டர் நீளம் என்றால் 42 எக்டேர். சராசரி 2 மீட்டர் நிரப்பினால் 8.4 லட்சம் கன மீட்டர். நம் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி, 2.83 கன மீட்டர். ஏறக்குறைய 3 லட்சம் யூனிட் மண். ஐந்து யூனிட் டிப்பரில் 60,000 லோடு, அதுவும் கெட்டிப்பட்ட அளவுக்கு. அள்ளிப்போடும் மண் இன்னும் கூடும். இந்த மண் எங்கிருந்து வருகிறது? "அனுமதி பெற்ற குவாரிகளிலிருந்து" என்று ஒரு வரி இருந்தால் விடாதீர்கள். எந்தக் கண்மாய், எந்தப் பட்டா நிலம், எத்தனை அடி ஆழம், எந்தச் சாலை வழியே, ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கேளுங்கள். சுற்றுவட்டாரக் கண்மாய்களில்தான் அள்ளுவார்கள். மடை மட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது, குட்டையாகக் கிடக்கும்.

அடுத்து வரத்து. ஈ-சேவை இணையதளத்தில் ஊரையும் சர்வே எண்ணையும் கொடுத்து அ-பதிவேடும் (நில வகைப் பதிவேடு) புலப்படமும் (நில அளவைப் படம்) எடுங்கள். கிராம வரைபடத்தை வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். ஓடை, வாய்க்கால், கண்மாய் என்று வகைப்பட்ட சர்வே எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களுக்குப் போய் நவம்பர், டிசம்பர் மாதப் படமாகப் பார்த்து நீர் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். அதன் மேல் திட்ட எல்லையை வரையுங்கள். பிறகு அறிக்கையின் நீரியல் அத்தியாயத்தில் இருக்கிற ஓடைகளோடு ஒப்பிடுங்கள். ஆலோசனை நிறுவனங்கள் பெரும்பாலும் 1:50,000 வரைபடத்தை வைத்து வேலை செய்யும், அதில் சின்ன வரத்துக்கால் தெரியாது. பட்டியலில் விடுபட்ட ஒவ்வொரு சர்வே எண்ணும் உங்கள் மனுவில் ஒரு பத்தி.

நம் ஊர்க் கண்மாய்கள் தனித்தனி இல்லை. மேல் கண்மாயின் கலுங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். இடையில் இரண்டு மீட்டர் கரை மாதிரி ஓடுபாதை விழுந்தால் மேற்பக்கம் வெள்ளம், கீழ்ப்பக்கம் வறட்சி, ஒரே மழையில் இரண்டும். ஆகவே திட்ட எல்லைக்குள் விழுகிற கண்மாயோடு நிற்காமல், அதற்குக் கீழே சங்கிலியில் இருக்கிற எல்லாக் கண்மாயின் ஆயக்கட்டையும் ஏக்கரில் கேளுங்கள். கீழூர்க்காரர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று வீட்டில் இருப்பார்கள், அவர்களைக் கூட்டி வாருங்கள்.

வெளியேறும் நீரையும் பாருங்கள். 100 எக்டேர் மண்தரையில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் நொடிக்கு 4 கன மீட்டர் சொச்சம் ஓடி வரும். அதையே கான்கிரீட்டும் தாரும் ஆக்கினால் 12.5. மூன்று மடங்கு. பழைய ஓடையும் பழைய சிறுபாலமும் அதைத் தாங்குமா? எந்த மழை அளவுக்கு வடிகால் வடிவமைத்தார்கள், 25 ஆண்டுக்கு ஒருமுறை வருகிற மழையா, 100 ஆண்டு மழையா, ஒவ்வொரு சிறுபாலத்தின் அகலமும் உயரமும் என்ன, இத்தனையும் அட்டவணையாக வேண்டும்.

அடிப்படைத் தரவு எந்த மாதத்தில் எடுத்தது என்று பாருங்கள். விதிப்படி மழை இல்லாத ஒரு பருவம், மூன்று மாதம் போதும். மார்ச் முதல் மே வரை எடுத்தால் ஓடை வறண்டிருக்கும், "பருவகால ஓடை, நீரோட்டம் இல்லை" என்று எழுதிவிடலாம். நமக்கு மழை வடகிழக்கில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓடையை அளந்து இறுதி அறிக்கையில் சேர்க்கணும் என்பதைத் தனிக் கோரிக்கையாக வையுங்கள். தரவு மூன்று ஆண்டுக்கு மேல் பழையதா என்றும் பாருங்கள்.

பறவை ஒன்று பாக்கி. கண்மாயில் தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் வரும், விமானத்துக்கு ஆபத்து. "கண்மாய் பாதுகாக்கப்படும்" என்று ஒரு அத்தியாயத்திலும், "பறவைகளை ஈர்க்கும் நீர்நிலைகள் குறைக்கப்படும்" என்று இன்னொரு அத்தியாயத்திலும் இருக்கும். இரண்டையும் பக்க எண்ணோடு அருகருகே எழுதி, எது உண்மை என்று கேளுங்கள். குப்பைக் கிடங்கு, இறைச்சிக் கழிவுக்கு விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவில் தடை இருக்கிறது. முதலில் அதை நடைமுறைப்படுத்தட்டும், கண்மாய்க்கு அப்புறம் வரலாம்.

---

தாலுகாமேசை:

ஓடைக்காரி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நீர்நிலை உள்ள 100 எக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கென்று 2023இல் நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம் பேரவையில் நிறைவேறியது. உங்கள் திட்டத்துக்கு அதைப் பயன்படுத்துகிறார்களா என்று நேரடியாகக் கேட்டு மினிட்ஸில் ஏற்றுங்கள். பயன்படுத்தினால் கண்மாய், ஓடை விவாதம் அந்தச் சட்டத்தின் நடைமுறைக்கும் போகும்.

---

கலுங்கடி:

ஒரே மனுவாக எழுதி ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா? கூட்டத்தன்று கவனிக்க வேண்டியது என்ன?

---

தாலுகாமேசை:

ஒரே மனு வேண்டாம். தண்ணீர், மண், சாலை, சத்தம், உயரம் என்று தனித்தனி மனு, ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆள் பேசட்டும். ஒரே மனுவில் எத்தனை கையெழுத்து இருந்தாலும் தொகுப்பில் அது ஒரு வரிசை எண்தான். கூட்டத்துக்கு முன்னாலேயே வாரியத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, நகலைக் கூட்டத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

மைக் முன்னால் பேசுகிறவர் பேர், ஊர், சர்வே எண் சொல்லிவிட்டுக் கேள்வியை முதல் ஒரு நிமிடத்தில் முடிக்கட்டும். உணர்ச்சியாகப் பேசுகிற பெரியவர்களை மறிக்காதீர்கள், ஆனால் எண் வைத்திருப்பவர்கள் முதலில் போகட்டும். மதியத்துக்குமேல் நேரம் சுருக்கப்படும். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்கணும் என்பது விதி. கேமரா நின்றால் தலைமை தாங்குபவரிடம் சொல்லி நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

கடைசி அரை மணி நேரம்தான் முக்கியம், அப்போதுதான் பந்தல் காலியாகியிருக்கும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே கலெக்டர் கையெழுத்திடணும். நான்கைந்து பேர் நோட்டோடு முன்வரிசையில் இருங்கள். விடுபட்ட கேள்வியை வாசிப்பு முடிவதற்குள் சொல்லிச் சேர்க்க வையுங்கள். வாசிக்காமல் கலைந்தால், வாசிக்கவில்லை என்று அன்று இரவே வாரியத்துக்கும் அமைச்சகத்துக்கும் மின்னஞ்சல் போடுங்கள். மறுநாள் போட்டால் வலு குறையும்.

நடவடிக்கைக் குறிப்பு 8 நாளுக்குள் அமைச்சகத்துக்குப் போகும், வாரியத்தின் இணையதளத்திலும் வரணும். உங்கள் நோட்டோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை எழுதி அனுப்புங்கள். பிறகு அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில், அனுமதிக்குப் பரிந்துரைக்கும் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் உங்கள் திட்டம் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இறுதி அறிக்கை அங்கே ஏறும்போது உங்கள் கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்று படித்து, குழு கூடுவதற்கு முன்னால் மறுப்பு அனுப்பலாம். இந்த வாய்ப்பைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அனுமதி கிடைத்துவிட்டால் சென்னையில் இருக்கிற பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. அனுமதி வந்த தேதியை யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக் கவனியுங்கள்.